முள் இல்லாத படம்

எக்ஸ்ரே அறையின் கதவு திறக்கும்போதெல்லாம் மெட்டில்டா எழுந்து நின்றாள். முதல் முறை துடைப்பத்துடன் ஒரு பெண் வெளியே வந்தாள். அடுத்த முறை வந்தவர் கம்பவுண்டர் மகாராஜா. நாய் ஜிம்மியை உள்ளே தூக்கிக்கொண்டு போனபோது அவர் கையில் மெல்லிய ரப்பர் உறைதான் இருந்தது. இப்போது முழங்கை வரை நீளும் தடித்த தோல் உறை மாட்டியிருந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல், அலமாரியிலிருந்து ஒரு சங்கிலியை எடுத்துக்கொண்டு திரும்ப உள்ளே போய்விட்டார். சங்கிலி எதற்கு என்று அவளுக்கு விளங்கவில்லை. நிற்கவே தெம்பில்லாத நாய் அது. தருவைகுளத்திலிருந்து வரும் வழி முழுக்க லோடு ஆட்டோவின் பின்னால் ஒரு சாக்கின் மேல் கிடந்தபடியேதான் வந்தது.

தூத்துக்குடியில் செல்லப் பிராணிகளுக்கென்று தனியாக இப்படி ஓர் ஆஸ்பத்திரி இருப்பது, ஐஸ் லோடு அடிக்கும் இசக்கியப்பன் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். "அங்கன எக்ஸ்ரே இருக்குக்கா. முள்ளு எங்கன நிக்குன்னு படத்துல பாத்து எடுத்துருவாவ" என்று சொல்லி அவனே வண்டியையும் கொண்டுவந்தான். கூடத்தில் ஏசி ஓடியது. தரை பளபளவென்று இருந்ததால் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். மற்ற எல்லோரும் செருப்புடன்தான் உட்கார்ந்திருந்தார்கள் என்பதைப் பிறகு கவனித்தாள். சுவரில் ஒரு பெரிய பலகை. தடுப்பூசி, ஸ்கேன், அறுவை சிகிச்சை, பிரசவம், முடி வெட்டுதல், பல் சுத்தம் செய்தல். நாய்க்குப் பல் விளக்கிவிடுவார்கள் என்பதை வேறொரு நாளில் படித்திருந்தால் சிரித்திருப்பாள். கணவன் பர்னபாஸிடம் சொல்லி அவனையும் சிரிக்க வைத்திருப்பாள்.

எதிரே ஒரு பெண், மடியில் வெள்ளைப் பொமரேனியனை வைத்துக்கொண்டு முடி வெட்டும் முறைக்காகக் காத்திருந்தாள். "என்ன ஆச்சுக்கா உங்க நாய்க்கு?" என்று கேட்டாள்.

"முள்ளு சிக்கிருச்சும்மா. வாய மூட முடியல."

"ஐயோ. இதுக்குத்தான் நாங்க மீனே குடுக்கிறதில்ல."

"எங்க வீட்ல வேற என்னத்தம்மா குடுக்க" என்றாள் மெட்டில்டா. அந்தப் பெண் சிரித்தாள். மெட்டில்டாவும் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகப் பயந்துபோய் கழுத்தில் கிடந்த செபமாலையைத் தொட்டுக்கொண்டாள். மாதாவே, முள்ளு கிடைச்சிரட்டும்.

நேற்று விடியற்காலை ஜிம்மி குசினிக்குப் பின்னால் தண்ணீர் டிரம்முக்கும் சுவருக்கும் நடுவே இருட்டுக்குள் ஒடுங்கிக் கிடந்தது. கூப்பிட்டும் வரவில்லை. கீழ்த்தாடை தொங்கிக்கொண்டிருந்தது. எச்சில் கயிறாக வழிந்து தரையை நனைத்திருந்தது. குரைக்கப் பார்த்தபோது வந்த சத்தம் அதன் சத்தமாகவே இல்லை, தகரத்தைத் தேய்ப்பது போல இருந்தது. முந்தின இரவு அதற்குச் சீலா மீன் தலையைப் போட்டிருந்தாள். ஆகவே அது என்னவென்று யாரையும் கேட்கத் தேவைப்படவில்லை. அந்த ஊரில் ஒருவருக்குத் தொண்டையில் முள் சிக்கினால் முதலில் சோற்றை உருட்டி மெல்லாமல் விழுங்கச் சொல்வார்கள். பிறகு வாழைப்பழம். அதற்கும் இறங்காவிட்டால் பர்னபாஸைக் கூப்பிடுவார்கள். அவன் இரண்டு விரலை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவி, எடுத்துவிடுவான். எத்தனையோ பிள்ளைகளுக்கு எடுத்திருக்கிறான். பங்குச்சாமியாருக்குக்கூட ஒரு முறை எடுத்தான். அதன் பிறகு சாமியார் பூசையில் வாயைத் திறக்கும்போதெல்லாம் தன் விரல் ஞாபகம் வருகிறது என்று சொல்லி அவளிடம் திட்டு வாங்குவான்.

அன்று அவன் தங்குகடலுக்குப் போகிற நாள். போனால் கரை திரும்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். படகில் ஐஸ் ஏற்றி முடித்துவிட்டார்கள் என்று ஆள் வந்து கூப்பிட்டுவிட்டுப் போயிருந்தான். அவன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். "சாயந்திரத்துக்குள்ள தானா எறங்கிரும்ளா" என்றான்.

"இந்தா, நாய இப்படியே விட்டுட்டா போறிய? ஊரான் பிள்ளைக்கெல்லாம் எடுக்கிய. எடுத்துட்டுப் போங்க."

அவள்தான் சொன்னாள். அதை அவள் இந்தக் கூடத்தில் உட்கார்ந்து பல முறை நினைத்துப் பார்த்துவிட்டாள், ஆனால் அப்போது வரை அது நல்ல நினைவாகத்தான் இருந்தது. பையை இறக்கி வைத்துவிட்டு அவன் குந்தி உட்கார்ந்தான். அவள் ஜிம்மியின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பர்னபாஸின் கை மணிக்கட்டு வரை உள்ளே போனது. நாய் கடிக்கவில்லை, முனகவும் இல்லை. "தட்டுதுளா. வழுக்கிட்டு உள்ள போவுது பாரு" என்றான். திரும்பவும் விட்டான். வெளியே எடுத்தபோது கை முழுவதும் கொழகொழவென்று எச்சில். போன கடல் நடையில் வலையின் நைலான் நரம்பு அறுத்த வெட்டுகள் விரல்களில் குறுக்கும் நெடுக்குமாக இருந்தன. உப்புத் தண்ணீரில் அவை எப்போதும் ஆறுவதில்லை. கையைக் கைலியில் துடைத்துக்கொண்டான். அவள் கட்டிக்கொடுத்த சோற்றை வாங்கிப் பையில் வைத்தான். "டவுனுக்குக் கொண்டு போயிக் காட்டு" என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனான்.

"ஜிம்மி வீட்டுக்காரங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

டாக்டர் ஷெர்லி தெற்கே உள்ள நாசரேத் ஊர்க்காரர். வாத்தியார் வீட்டுப் பிள்ளை என்பது அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. மேசை மேல் இருந்த கம்ப்யூட்டரில் ஒரு நாயின் தலையும் கழுத்தும் பக்கவாட்டில் வெள்ளையாகத் தெரிந்தன. ஜிம்மிக்கு உள்ளே அப்படி ஓர் உருவம் இருந்ததை மெட்டில்டா முதல் முறையாகப் பார்த்தாள். பற்கள் ஒவ்வொன்றும் எண்ணும்படி இருந்தன.

"முள்ளு எங்கனம்மா நிக்கி?"

"முள்ளு இல்லக்கா."

மெட்டில்டா திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். "சின்ன முள்ளா இருக்கும். நல்லாப் பாருங்கம்மா."

"ரொம்பச் சின்ன முள்ளுன்னா படத்துல தெரியாமப் போகலாம். ஆனா சின்ன முள்ளுக்கு வாய் இப்படித் தொங்காது. தாடையும் உடையல." டாக்டர் நாற்காலியைச் சற்று இழுத்துப் போட்டுக்கொண்டார். "சமீபத்துல வேற நாய்கூட சண்ட போட்டுச்சா?"

"ஏலக்கூடத்துல மீனுக்கு எப்பவும் சண்டதான். கொஞ்ச நாளைக்கு முன்னால காதுல கடிபட்டு வந்துச்சு. ஏதோ தெருநாயி. மஞ்சளப் பத்துப் போட்டேன், ஆறிருச்சு."

"வெறிநாய்த் தடுப்பூசி வருஷா வருஷம் போடுறீங்களா?"

"குட்டியில முகாம்ல போட்டாவ. அதுக்குப் பொறவு போடல. எம் மவதான் அதெல்லாம் பாப்பா. அவ பாளையங்கோட்டைக்குப் படிக்கப் போயிட்டா."

"மக எப்பப் போனாங்க?"

"அது ஆச்சு, லீவு முடிஞ்சி. ஆறேழு மாசம் வரல."

"சரி. நல்லது." டாக்டர் ஒரு மூச்சு விட்டார். அடுத்த கேள்வியைக் கேட்கும்போது குரல் முன்னைவிட மெதுவாக இருந்தது. "அதோட வாய்க்குள்ள யாராவது கை விட்டீங்களாக்கா?"

அந்தக் குரலில்தான் அவளுக்குப் புரிந்தது. கேள்வியின் பொருள் பிறகுதான் வந்தது. தோல் உறை, சங்கிலி, மகாராஜா தன் முகத்தைப் பார்க்காமல் போனது எல்லாம் ஒன்றாக வந்து உட்கார்ந்தன.

"வெறி புடிச்ச நாயி கடிக்கும்லம்மா. இது கடிக்கவேயில்லயே. இப்பவும் என்னப் பாத்து வால ஆட்டுது."

"எல்லா நாயும் கடிக்காதுக்கா. சிலதுக்குத் தாடை விழுந்துரும். முழுங்க முடியாது. பாக்கதுக்கு எலும்பு சிக்குன மாதிரியே இருக்கும். நிறையப் பேரு அப்படித்தான் தூக்கிட்டு வாராங்க, வாய்க்குள்ள கையும் விட்டுட்டுத்தான் வாராங்க. இப்பவே இதுதான்னு நான் சொல்ல முடியாது. உயிரோட இருக்கும்போது உறுதியாத் தெரியாது. ஆனா அப்படித்தான்னு நினைச்சுத்தான் நாம நடந்துக்கணும். யாரு கை விட்டது?"

"அவ அப்பா" என்றாள் மெட்டில்டா. கணவன் பெயரைச் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. "நான் தலையப் புடிச்சிக்கிட்டேன். எச்சி என் மேலயும் பட்டுச்சு. அவிய கையில புண்ணு."

"அவங்கள வரச் சொல்லுங்க. ரெண்டு பேரும் இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போயி ஊசி போடணும். புண்ணுல போடுற மருந்து ஒண்ணு தனியா இருக்கு. அதையும் போடணும்."

"அவிய கடல்ல கிடக்காவம்மா."

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். கூடத்தில் பொமரேனியன் குரைத்தது கேட்டது. "நோய் வெளிய வரதுக்கு முன்னாடி ஊசி போட்டா பயமில்லக்கா. வந்துட்டா மருந்து கிடையாது. எங்கயும் கிடையாது. சிலருக்கு வர மாசக்கணக்காகும். சிலருக்குச் சீக்கிரமா வந்துரும். புண்ணுக் கையின்னா ஒரு நாளும் தள்ளிப் போடக் கூடாது. எப்படியாவது கூப்பிடுங்க. அதுக்கும் முன்னால ஒண்ணு. சோப்புப் போட்டு, ஓடுற தண்ணியில கால் மணி நேரம் அந்தக் கைய அவங்க கழுவணும். நேத்துப் பட்டதா இருந்தாலும் பரவாயில்ல, இப்பவாவது கழுவணும். இங்க வாங்க, முதல்ல நீங்க கழுவுங்க."

மூலையில் இருந்த குழாயடியில் டாக்டரே நின்று சோப்பைக் கொடுத்தார். மெட்டில்டா தேய்த்தாள். முழங்கை வரை தேய்த்தாள். விரல் நுனி வெளுத்துச் சுருங்கிய பிறகும் டாக்டர் "இன்னும்" என்றார். பக்கத்து அறைக் கதவில் சிறிய கண்ணாடி வழியாகக் கம்பிக்கூண்டு தெரிந்தது. மகாராஜா நீளமான கம்பால் ஒரு தண்ணீர்க் கிண்ணத்தை உள்ளே தள்ளினார். ஜிம்மி தள்ளாடி வந்து மூக்கு முழுவதையும் தண்ணீருக்குள் அமிழ்த்தியது. நாக்கு அசையவில்லை. தலையை எடுத்தபோது கிண்ணத்தில் தண்ணீர் குறையவில்லை, பாகு போல ஏதோ கலந்திருந்தது. திரும்பவும் அமிழ்த்தியது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் நிற்பதைக் கண்டு, ஈர முகத்துடன், வாலை இரண்டு முறை தரையில் தட்டியது.

"அது வலி இல்லாம இருக்கதுக்கு நான் பாத்துக்கிடுறேன்" என்றார் டாக்டர். "நீங்க கிட்டப் போக வேண்டாம்."

இசக்கியப்பன் வாசலில் பீடியுடன் நின்றான். அவள் சொன்னதைக் கேட்டதும் பீடியைக் கீழே போட்டான். தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நான் சாக்கத்தானக்கா புடிச்சேன். நாயத் தொடலயே. தொட்டனா?"

"தெரியலியே ஐயா. நீயும் போட்டுக்க."

"நானும் ஊசி போடணுமா? சின்னதுல ஊசிக்குப் பயந்து பனையில ஏறி உக்காந்தவன்க்கா நான்." அவன் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை. உள்ளே போய்க் கை கழுவிவிட்டு, பின்னால் கிடந்த சாக்கை என்ன செய்வது என்று மகாராஜாவிடம் கேட்டு, அவர் அதைக் குறட்டால் எடுத்துப் போன பிறகுதான் வண்டியில் ஏறினான். "பெரியாஸ்பத்திரிக்குத்தான?"

"மொதல்ல செல்வதுரை அண்ணாச்சி வீட்டுக்கு வுடு. பொறவு வருவோம்."

பர்னபாஸின் போனுக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அதே குரலைக் கேட்பதற்காகவே போல மறுபடியும் மறுபடியும் அடித்தாள். வழியெல்லாம் உப்பளங்கள். பாத்திகளில் தண்ணீர் வெயிலில் கண்ணைக் குத்தியது. சிறு பிள்ளையாக இருந்தபோது பக்கத்து ஊரில் நாய் கடித்த ஒருவரைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். யாரோ செம்பில் தண்ணீர் மொண்ட சத்தத்துக்கே அவர் தொண்டை இழுத்துக்கொண்டது. காற்றுப் படக் கூடாதென்று ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். இத்தனை வருடம் அவள் நினைக்காத முகம் அது. இப்போது அந்த முகத்தின் மேல் பர்னபாஸின் மீசை வந்து ஒட்டிக்கொண்டது. நாலு பக்கமும் தண்ணீர், எந்நேரமும் காற்று. அங்கே வைத்து அது வந்தால் அவன் எங்கே திரும்பிப் படுப்பான்? இன்றைக்கே வராது என்று டாக்டர் சொன்னதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை என்பதும் உடனே நினைவுக்கு வந்தது.

படகு முதலாளி செல்வதுரையின் வீட்டு மாடியில் ஒரு சிறிய அறையில் வயர்லெஸ் இருந்தது. படகுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதும் கரையோடு பேசுவதும் அதில்தான். என்ன மீன், எத்தனை பெட்டி, யார் வலையை எது கிழித்தது என்று நாள் முழுவதும் இரைந்துகொண்டிருக்கும். ஒருவன் பேசுவதை மற்ற எல்லாப் படகுகளும் கேட்கும். செல்வதுரை அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். தலையைச் சொறிந்தார்.

"கூப்பிடுதேன். டீசல் போனாப் போவுது. ஆனா வெவரத்தச் சொல்லக் கூடாது, கேட்டியா. அந்தப் படகுல எத்தன பேரு கிடக்கான். ஒரே சட்டி, ஒரே தண்ணி டிரம்மு. பர்னபாசுக்கு வெறிநாய் எச்சின்னு தெரிஞ்சா அவன ஒரு மூலையில உக்கார வச்சிருவானுவ. அவனும் பயந்தே செத்துருவான். கரைக்கு வான்னு மட்டும் சொல்லுவோம்."

"கை கழுவச் சொல்லணுமே அண்ணாச்சி. டாக்டரம்மா அதத்தான் மொதல்ல சொன்னாவ."

"வந்து கழுவட்டும்ளா. நாளைக்குக் காலையில வந்துருவான்." அவர் மைக்கை எடுத்தார். நேரடியாக எட்டவில்லை. நடுவே கிடந்த இன்னொரு படகுக்காரன் மேலும் தெற்கே நகர்ந்து போய்க் கூப்பிட்டு, பேச்சு எட்டும் தூரத்துக்கு அவர்களை வரச் சொன்னான். வெகு நேரத்துக்குப் பிறகு இரைச்சலுக்குள்ளிருந்து பர்னபாஸின் குரல் வந்தது, கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல. "சொல்லுங்க அண்ணாச்சி. ஓவர்."

"ஒண்ணுமில்லலே. வலைய எடுத்துட்டுக் கரைக்கு வாங்க. வந்து பேசிக்கிடலாம். ஓவர்."

வயர்லெஸ்ஸில் எல்லாப் பேச்சும் நின்றுபோனது. அந்த அமைதி எதற்கென்று மெட்டில்டாவுக்கும் தெரியும். கடலில் இருப்பவனிடம் வீட்டுச் சாவைச் சொல்வதில்லை. அவன் நிலைகுலைந்துவிடுவான் என்று, ஒன்றுமில்லை வா என்று மட்டும் சொல்வார்கள். ஒன்றுமில்லாததற்கு யாரும் பாதி நடையில் படகைத் திருப்பச் சொல்ல மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவள் மாமனார் போனபோதும் பர்னபாஸை இப்படித்தான் கூப்பிட்டார்கள்.

"யாரு அண்ணாச்சி?" என்றது குரல்.

செல்வதுரை மைக்கைப் பிடித்தபடி அவளைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, யாரு? ஜெனிஸா? எம் மவளா?"

"வாலே. வந்து பேசலாம்னேன்ல."

"எம் மவளான்னு மட்டும் சொல்லிருங்க."

மெட்டில்டா மைக்கை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். பொத்தானை எப்படி அழுத்துவது என்று தெரியாமல் இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினாள். "நான்தான் பேசுதேன். ஜெனிஸ் நல்லாயிருக்கா. எல்லாரும் நல்லாயிருக்கோம். யாரும் சாகல." செல்வதுரை வேண்டாம் என்று கையாட்டினார். "நாய்க்குத் தொண்டையில முள்ளு இல்ல. படம் எடுத்துப் பாத்தாவ. அது சீக்கு. கேக்குதா? நாய்க்கு வெறிச் சீக்காம். வந்து ஊசி போட்டா ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டரம்மா சொல்லுதாவ. எனக்கும் போடணும். நீங்க இப்பவே அந்தக் கைய சோப்புப் போட்டுக் கழுவுங்க. ரொம்ப நேரம் கழுவுங்க. இப்பவே."

கையை எடுத்தாள். இரைச்சல் மட்டும் வந்தது. கேட்டதா இல்லையா என்று தெரியவில்லை. செல்வதுரை நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு சத்தம் மாறியது. அந்தப் பக்கம் யாரோ பொத்தானை அழுத்தினார்கள், ஆனால் யாரும் பேசவில்லை. இஞ்சின் ஓடியது. பலகையில் காலடிகள். "சோப்பு எங்கலே இருக்கு" என்று ஒருவன். "கடத் தண்ணியில நுரைக்காதுடே. டிரம்மத் திற, நல்ல தண்ணிய ஊத்து" என்று இன்னொருவன். இத்தனை நாளைக்கென்று அளந்து ஏற்றிய குடிதண்ணீர். அது விழும் சத்தம் வயர்லெஸ்ஸில் வந்தது. ஒரு செம்பு, இன்னொரு செம்பு. தேய்க்கும் சத்தம்கூடக் கேட்பது போல இருந்தது. பொத்தானிலிருந்து கையை எடுக்க யாரோ மறந்துவிட்டார்கள். வேறு படகு எதுவும் குறுக்கே பேசவில்லை. ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். மெட்டில்டா மைக்கை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு நின்றாள். தண்ணீர்ச் சத்தத்தில் அவன் தொண்டை இழுத்துக்கொள்கிறதா என்று அவள் காது தேடியது. இல்லை. மூச்சு வாங்குவதுதான் கேட்டது.

தண்ணீர் நின்றது. பிறகு, மைக்குக்கு மிகப் பக்கத்தில், தணிந்த குரலில் ஒருவன் சொன்னான்: "ஏலே, அவரு குடிக்க தம்ளரத் தனியா எடுத்து வை."

பொத்தான் விடுபட்டது. செல்வதுரை எட்டிச் சத்தத்தைக் குறைக்கப் போனார். மெட்டில்டா அவர் கையைத் தடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே கடல் வெயிலில் அசையாமல் கிடந்தது. அந்த வெறும் இரைச்சலுக்கு முகத்தை நெருக்கி வைத்துக்கொண்டு, அவள் கேட்டுக்கொண்டே நின்றாள்.